ராஜாஜியின் கணக்கு: லைசென்சும் ஓட்டும்

1952இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் காங்கிரசுக்கு விழுந்தது நூற்றுக்கு 45 ஓட்டு. மக்களவையில் கிடைத்ததோ 489இல் 364 இடம். 1957இல் ஓட்டு 48ஐ நெருங்கியது. இடம் 494இல் 371. பாதிப் பேருக்கு மேல் வேறு யாருக்கோ ஓட்டுப் போட்ட நாட்டில், ஆளுங்கட்சி நான்கில் மூன்று பங்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தது. அரசியல் சட்டத்தைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு போதும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 1950களின் இந்தியாவில் எதிர்க்கட்சி என்பது பெயரளவில் இருந்த ஒன்று.

இந்த நிலையில்தான் 1959 ஜூன் மாதம், தன் 80ஆவது வயதில், ராஜாஜி சென்னையில் புதுக் கட்சி தொடங்குவதாக அறிவித்தார். கவர்னர் ஜெனரலாகவும் மத்திய உள்துறை அமைச்சராகவும் சென்னை மாகாணத்தின் தலைமைப் பதவியில் இரண்டு முறையும் இருந்து முடித்தவர். அவருடைய சுதந்திராக் கட்சியைப் 'பணக்காரர் கட்சி', 'ராஜாக்கள் கட்சி' என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. அப்படிச் சொன்னதில் உண்மையும் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம். ஆனால் பொருளாதாரக் கொள்கைக்கும் பலகட்சி ஆட்சிமுறைக்கும் இடையே அவர் போட்ட முடிச்சு தனியாக அவிழ்த்துப் பார்க்க வேண்டிய ஒன்று.

அவர் வாதத்தின் சாரம் இது: தொழில் தொடங்க, சரக்கு வாங்க, பங்கு வெளியிட எல்லாவற்றுக்கும் அரசின் கையெழுத்து வேண்டும் என்றால், அந்தக் கையெழுத்துப் போடும் கட்சியை எதிர்த்து இன்னொரு கட்சிக்குப் பணமோ ஆளோ சேராது. ஆகவே கட்டுப்பாட்டுப் பொருளாதாரமும் ஒருகட்சி ஆதிக்கமும் ஒரே சாமானின் இரண்டு பக்கம். இதற்குத்தான் 'பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம்' என்று பெயர் வைத்தார். இன்று அந்தச் சொல்லைப் பொருளாதார வசையாக மட்டும் பயன்படுத்துகிறார்கள். அவர் கையில் அது தேர்தல் அரசியலைப் பற்றிய குற்றச்சாட்டும்கூட.

ஒரு சைக்கிள் தொழிற்சாலை

1960 வாக்கில் ஒருவர் சைக்கிள் தயாரிக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் 1951ஆம் ஆண்டுத் தொழில்கள் (வளர்ச்சி, ஒழுங்குமுறை) சட்டப்படி டெல்லிக்கு விண்ணப்பம். அதை லைசென்சிங் கமிட்டி பார்க்கும்; அதற்கு முன் தொழில்நுட்பப் பிரிவு கருத்துச் சொல்ல வேண்டும். 'நாட்டில் இத்தனை சைக்கிள் போதும், திட்ட இலக்கு நிரம்பிவிட்டது' என்று அது எழுதிவிட்டால் கோப்பு அங்கேயே படுத்துக்கொள்ளும். லைசென்ஸ் வந்தால் அதில் ஆண்டுக்கு எத்தனை சைக்கிள் என்ற எண்ணும் இருக்கும். ஆலையைப் பெரிதாக்க மறுபடி லைசென்ஸ். புது வகைப் பொருள் தயாரிக்க அதற்குத் தனி லைசென்ஸ்.

அடுத்து வெளிநாட்டு இயந்திரம். அதற்குக் கேபிட்டல் கூட்ஸ் கமிட்டியின் ஒப்புதல், பிறகு இறக்குமதி-ஏற்றுமதித் தலைமைக் கட்டுப்பாட்டாளரின் உரிமம், அன்னியச் செலாவணி ஒதுக்கீடு. பொதுமக்களிடம் பங்கு விற்றுப் பணம் திரட்ட 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டாளரிடம் அனுமதி. பங்கை என்ன விலைக்கு விற்கலாம் என்பதையும் அவர்தான் முடிவு செய்வார். குழாய்க்கும் தகட்டுக்கும் இரும்புக் கட்டுப்பாட்டாளரிடம் கோட்டா. மூலப்பொருள் இறக்குமதி செய்ய, 'இது இன்றியமையாதது' என்று ஒரு சான்றிதழ்.

இவற்றில் எந்த ஒன்று தாமதித்தாலும் மற்றவை வீண். லைசென்ஸ் கையில் இருந்து இரும்பு கோட்டா வரவில்லை என்றால் ஆலை ஓடாது. வட்டி மட்டும் ஓடும். இதைச் சமாளிக்க டெல்லியில் ஓர் ஆளை நிரந்தரமாக வைத்துக்கொள்ள முடிந்தவர் பெரிய முதலாளி. சிறிய ஊரிலிருந்து வந்தவர் லாட்ஜில் தங்கிக் காசு தீர்ந்ததும் ஊர் திரும்புவார். ஏகபோகத்தைத் தடுக்க வந்த ஏற்பாடு ஏகபோகத்தை வளர்த்தது என்பது ராஜாஜியின் மேடைப் பேச்சோடு நின்றுவிடவில்லை. 1960களின் பிற்பகுதியில் அரசே அமர்த்திய ஹசாரி ஆய்வும், அடுத்து வந்த தத் குழுவும் இதைத்தான் கண்டன: பெரிய தொழில் குடும்பங்கள் ஒரே பொருளுக்குப் பல விண்ணப்பங்கள் போட்டு லைசென்சை வளைத்துக்கொண்டு, ஆலை கட்டாமலே போட்டியாளரை வெளியே நிறுத்தின. அதற்கு அரசு கண்ட மருந்து மேலும் கட்டுப்பாடு என்பது வேறு கதை. 1991 ஜூலை 24 அன்று வந்த தொழில் கொள்கை 18 தொழில்களைத் தவிர மற்றவற்றுக்கு லைசென்சை எடுத்தபோது ராஜாஜி இறந்து 18 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

இனி அந்தச் சைக்கிள் முதலாளியிடம் தேர்தல் நிதி கேட்டு இரண்டு கட்சிக்காரர்கள் வருகிறார்கள். ஒருவர் கட்சியிடம் அவருடைய நான்கு கோப்புகள் இருக்கின்றன. இன்னொருவர் கட்சியிடம் துண்டுப் பிரசுரம் இருக்கிறது. யாருக்குத் தருவார்?

இந்தப் பணவழியைச் சட்டமும் திறந்தே வைத்திருந்தது. கம்பெனிகள் கட்சிகளுக்கு நன்கொடை தருவது ஜனநாயகத்துக்கு ஆபத்து என்று 1957இல் பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி சாக்லா எச்சரித்தார். ஆனால் தடுக்கச் சட்டம் இல்லை என்பதால் அனுமதிக்க வேண்டியிருந்தது. 1960இல் கம்பெனிச் சட்டத்தில் ஒரு வரம்பு வந்தது: 25,000 ரூபாய், அல்லது கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 5 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது. பெரிய கம்பெனிக்கு இது வரம்பே இல்லை. 1961இல் ஜே. ஆர். டி. டாட்டா காங்கிரசோடு சுதந்திராக் கட்சிக்கும் நன்கொடை தரப்போவதை நேருவுக்கே கடிதம் எழுதித் தெரிவித்தார். எதிர்க்கட்சிக்குப் பணம் தர ஆளுங்கட்சித் தலைவருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியிருந்தது என்பதே ராஜாஜியின் வாதத்துக்குப் போதுமான சாட்சி. 1969இல் இந்திரா காந்தி அரசு கம்பெனி நன்கொடையை அடியோடு தடை செய்தது. தடையால் பணம் நின்றுவிடவில்லை. கணக்கில் வராத பணமாக மாறியது. 1985இல் தடையை நீக்கினார்கள்.

தேர்தலைத்தான் முதலில் தேசியமயமாக்க வேண்டும்

தனியார் தொழிலுக்காக வாதாடியவர், ஒன்றை மட்டும் அரசே ஏற்று நடத்த வேண்டும் என்றார்: தேர்தல் செலவு. அன்றைய தேர்தலில் வாக்காளர் பட்டியலைப் பார்த்து எண் எழுதிய சீட்டு தருவதும், ஓட்டுச் சாவடிக்கு ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் வேட்பாளரின் வேலையாக இருந்தன. வாக்காளரை வண்டி பிடித்து ஏற்றிவருவது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி முறைகேடு. ஆனால் சாவடி சில மைல் தள்ளி இருந்தால் வண்டி இல்லாமல் எந்தக் கிழவி வருவாள்? ஆகவே லாரி வைத்திருப்பவர் ஜெயிப்பார். லாரி வைத்திருப்பவருக்கு லாரி பெர்மிட் தருவது அரசு. வட்டம் இங்கேயும் மூடிக்கொண்டது.

ராஜாஜி சொன்ன மாற்று: சீட்டை அரசே வீட்டுக்கு அனுப்பட்டும், வாக்காளருக்கு அடையாள அட்டை தரட்டும், ஊர் ஊராகச் சாவடியே நகர்ந்து போகட்டும். இதில் அடையாள அட்டை 1993இல் தொடங்கியது. சீட்டை இப்போது தேர்தல் ஆணையமே தருகிறது. நகரும் சாவடி வரவில்லை, சாவடிகள் எண்ணிக்கையில் பெருகி அருகே வந்துவிட்டன. இவற்றால் செலவு குறைந்ததா என்றால் இல்லை. வண்டிக்கும் சீட்டுக்கும் போன பணம் வேறு இடம் தேடிக்கொண்டது. இது அவர் கணக்கில் விழுந்த ஓட்டை: வேட்பாளரின் அவசியச் செலவை அரசு ஏற்றால் மொத்தச் செலவு குறையும் என்று நினைத்தார், போட்டி இருக்கும் வரை மிச்சமாகும் ரூபாயும் போட்டியிலேயே போய் விழும் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

நிலம்

கட்சி பிறந்ததற்கு உடனடிக் காரணம் தொழில் லைசென்ஸ் அல்ல. 1959 ஜனவரி நாக்பூர் காங்கிரஸ் மாநாட்டில் நிறைவேறிய தீர்மானம்தான். நிலங்களைச் சேர்த்துக் கூட்டுறவுப் பண்ணையாக உழுவது, நிலத்துக்கு ஏற்பவும் உழைப்புக்கு ஏற்பவும் விளைச்சலில் பங்கு, அதற்கு முன்படியாக மூன்று ஆண்டுகளில் சேவைக் கூட்டுறவுகள், நில உச்சவரம்பு, தானிய மொத்த வாணிபம் அரசிடம். சொத்துரிமை அவரவரிடமே இருக்கும் என்று தீர்மானம் சொன்னது. வரப்பை அழித்த பிறகு பட்டாவில் இருக்கும் உரிமைக்கு என்ன அர்த்தம் என்று விவசாயி கேட்டான். விவசாயிகள் தலைவரான என். ஜி. ரங்கா கட்சித் தலைவரானது இதனால்தான். மினு மசானி பொதுச்செயலாளர்.

கூட்டுப்பண்ணை காகிதத்தோடு போயிற்று. ஆனால் 17ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அந்தப் பயத்தை மறுபடி கிளப்பியது. 'எஸ்டேட்' என்ற சொல்லின் விளக்கத்தை நீட்டி ரயத்துவாரி நிலத்தையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். ஜமீன்தாரை மனதில் வைத்து எழுதிய பிரிவுக்குள், தென்னிந்தியாவில் சொந்தப் பட்டாவில் உழும் சிறு விவசாயியும் வந்து விழுந்தான். கூடவே மாநிலங்களின் 44 நிலச் சட்டங்கள் ஒன்பதாவது அட்டவணைக்குப் போயின. அங்கே போனால் அடிப்படை உரிமையைக் காட்டி நீதிமன்றத்தில் கேட்க முடியாது என்பது அன்றைய நிலை. 1964 ஏப்ரலில் இந்த மசோதா மக்களவையில் விழுந்தது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் அதிகம் என்பதால் அல்ல. மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும் என்ற நிபந்தனைக்கு, அவைக்கு வந்திருந்த ஆளுங்கட்சிக்காரர் எண்ணிக்கை போதவில்லை. ஜூனில் மறுபடி கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். உச்சவரம்புக்குள் தானே உழும் நிலத்தை எடுத்தால் சந்தை விலை தர வேண்டும் என்ற ஒரு பாதுகாப்பு அதில் இருந்தது.

1962, 1967: ஒரே கணக்கு, இரண்டு விடை

பலகட்சி ஆட்சிமுறை பற்றி ராஜாஜி தத்துவம் எழுதியதைவிட அதிகமாகக் கூட்டல் கழித்தல் போட்டார். காங்கிரஸ் இடதுபக்கம் போய்விட்ட பிறகு இன்னும் இடதாக ஒரு கட்சி தேவையில்லை, வலுவான வலதுசாரிக் கட்சி வேண்டும் என்பது தொடக்க வாதம். 1962 தேர்தல் அதன் போதாமையைக் காட்டியது. சென்னை மாநிலத்தில் 206 இடங்களில் காங்கிரஸ் 46 சதவீத ஓட்டோடு 139 பிடித்தது. தி.மு.க. 27 சதவீதம், 50 இடம். சுதந்திரா ஏறக்குறைய 8 சதவீதம், 6 இடம். அதிக ஓட்டு வாங்கியவரே ஜெயித்தவர் என்ற முறையில் எதிர் ஓட்டு சிதறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டாம். காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்றார்.

1967இல் கொள்கையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத் தொகுதிகளைப் பிரித்துக்கொண்டார்கள். 234இல் தி.மு.க. 174, சுதந்திரா 27, மீதியில் மார்க்சிஸ்டுகள், முஸ்லிம் லீக் முதலானோர். 1952இல் கம்யூனிஸ்டுகளைத் தன் முதல் எதிரி என்று சொன்ன ராஜாஜியும் மார்க்சிஸ்டுகளும் ஒரே அணி. இம்முறை காங்கிரஸ் வாங்கிய ஓட்டு 41 சதவீதத்துக்குச் சற்று மேல், தி.மு.க. 41க்குச் சற்றுக் கீழ். தனிக்கட்சியாகப் பார்த்தால் காங்கிரசே முதல் இடம். ஆனால் காங்கிரஸ் தன் ஓட்டை மாநிலம் முழுவதும் பரப்பியிருந்தது; தி.மு.க. தன் ஓட்டை 174 தொகுதிகளில் குவித்திருந்தது, மற்ற தொகுதிகளில் அதன் ஆதரவாளர்கள் கூட்டாளிக்குப் போட்டார்கள். ஜெயித்த இடங்கள்: தி.மு.க. 137, சுதந்திரா 20. ஐந்தாண்டில் காங்கிரஸ் இழந்தது நூற்றுக்கு ஐந்து ஓட்டு. அதற்குக் கொடுத்த விலை முழு ஆட்சி.

கோளாறும் இந்த வெற்றிக்குள்ளேயே இருந்தது. தொகுதி உடன்பாடு இருந்தது, ஆட்சி உடன்பாடு இல்லை. 137 இடம் வந்த பிறகு அண்ணாவுக்கு யார் தயவும் தேவைப்படவில்லை. தனியாக அமைச்சரவை அமைத்தார். தேன்நிலவு முடிந்தது என்று ராஜாஜி சீக்கிரமே சொல்லவேண்டி வந்தது. 1971இல் அவர் காமராஜரோடு சேர்ந்து தி.மு.க.வை எதிர்த்தார், தி.மு.க. 184 இடம் பிடித்தது. கூட்டலை எல்லாரும் கற்றுக்கொண்டுவிட்டார்கள், அவரைவிட நன்றாகவே.

நாடு தழுவிய அளவில் கட்சியின் ஏற்றம் இறக்கம் இப்படி: 1962இல் 18 இடம், 1967இல் 44, 1971இல் 8. மாநிலங்களில் அடித்தளம் எவ்வளவு மெல்லியது என்பதற்குப் பீகார் போதும். ராம்கர் ராஜா தன் கட்சியைக் கொண்டுவந்து சேர்த்ததால் 1962இல் அங்கே 50 எம்.எல்.ஏ.க்கள். ராஜா வெளியே போனார்; 1967இல் மூன்று. அங்கே ஓட்டு ராஜாவுக்கு விழுந்ததே தவிர, சந்தைப் பொருளாதாரத்துக்கு விழவில்லை. ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி, ஒரிசாவில் முன்னாள் மன்னர்களின் கட்சியான கணதந்திர பரிஷத் என்று இதே கதைதான் சற்று நிதானமாக நடந்தது. குஜராத் மட்டும் ஓரளவு விதிவிலக்கு. 1967இல் அங்கே 168இல் 66 இடம்.

இருபத்தொன்றாவது கொள்கை

சுதந்திராக் கட்சியின் கொள்கைகள் 21. முதல் இருபதையும் வேறு கட்சிகளின் அறிக்கைகளிலும் அங்கங்கே தேடிப் பிடிக்கலாம். கடைசி ஒன்று அபூர்வம்: இந்தக் கொள்கைகளுக்குள் வராத எந்த விஷயத்திலும் உறுப்பினர் தன் விருப்பப்படி பேசலாம், ஓட்டுப் போடலாம்.

இது பெருந்தன்மையும் தேவையும் கலந்த ஏற்பாடு. ராஜாஜி மதுவிலக்கில் உறுதியானவர். மசானிக்கு அதில் நம்பிக்கை இல்லை. ராஜாஜி 1950களின் பிற்பகுதியிலிருந்து இந்தி ஆட்சிமொழியை எதிர்த்தார், துணைத்தலைவர் கே. எம். முன்ஷி அரசியல் நிர்ணய சபையிலேயே இந்திக்காக உழைத்தவர். கட்சி ஒரு முடிவு எடுத்திருந்தால் உடைந்திருக்கும். எடுக்காததையே கொள்கையாக்கிக்கொண்டார்கள். ஆனாலும் உள்ளே இருக்கும் கருத்து ஆழமானது: உறுப்பினர் கட்சியின் கைப்பொம்மை ஆனால், சட்டமன்றத்தில் பத்துக் கட்சி இருந்தாலும் பேசுவது பத்துப் பேர்தான்.

இந்தக் கருத்தைப் பின்னாளில் கொன்றது, வேறு நோய்க்குக் கொடுத்த மருந்து. 1967க்குப் பிறகு வடமாநிலங்களில் கூட்டணி அரசுகள் கட்சித் தாவலால் சரிந்தன. ஹரியானாவில் எம்.எல்.ஏ. கயா லால் இரண்டு வாரத்துக்குள் மூன்று தடவை கட்சி மாறியதுதான் 'ஆயா ராம், கயா ராம்' என்று பழமொழியாகவே ஆனது. 1985இல் 52ஆவது திருத்தம் பத்தாவது அட்டவணையைச் சேர்த்தது: கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலோ வராமல் இருந்தாலோ பதவி போகும். மூன்றில் ஒரு பங்கு பேர் பிரிந்தால் தப்பலாம் என்ற வழியை 2003இல் 91ஆவது திருத்தம் அடைத்தது. அரசு நிலைப்பதற்கு நம்பிக்கை வாக்கெடுப்பில் மட்டும் கொறடா போதும். ஆனால் சட்டம் எல்லா ஓட்டுக்கும் கொறடாவை அனுமதிக்கிறது. மதுவிலக்கில் மசானி மாதிரி ஓர் உறுப்பினர் இன்று தலைவருக்கு எதிராகக் கை தூக்கினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அவரே மீறியவை

தாராளவாதி என்ற பட்டத்தை ராஜாஜிக்கு முழுசாகத் தர முடியாது. 1937-39இல் முதல் முறை பதவியில் இருந்தபோது பள்ளியில் கட்டாய இந்தி கொண்டுவந்து, எதிர்த்தவர்களைச் சிறையில் போட்டவர் அவர். பிற்காலத்தில் அவர் எதிர்த்த அரசு அதிகாரத்தை அன்று அவரே சுழற்றினார். 1952இல் 375 இடங்களில் 152 மட்டுமே பிடித்த காங்கிரஸ், ஆந்திரத் தலைவர் டி. பிரகாசம் தலைமையில் 166 பேர் ஆதரவு உண்டு என்று கூறிய எதிரணியைத் தாண்டி ஆட்சி அமைக்க, ராஜாஜி தேர்தலில் நிற்காமல் ஆளுநரின் நியமனத்தில் மேலவைக்கு வந்து முதல்வரானார். உதிரிக் கட்சிகளை உள்ளே இழுத்துப் பெரும்பான்மை காட்டினார். பலகட்சி ஜனநாயகத்தின் மிகப் பழைய தந்திரம் அது. பதவிக்கு வந்ததும் உணவு தானியக் கட்டுப்பாட்டை எடுத்தது அவருடைய பொருளாதாரச் சிந்தனைக்கு ஒத்த செயல். 1953இல் கிராமத் தொடக்கப் பள்ளியில் மூன்று மணி நேரம் பாடம், மீதி நேரம் குடும்பத் தொழில் என்று கொண்டுவந்த திட்டம் அதற்கு நேர் எதிர். பிறந்த தொழிலிலிருந்து வெளியே வர முடிவதுதான் சுதந்திரச் சந்தையின் அடிப்படை. 'குலக்கல்வி' என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது; 1954இல் அவர் பதவியை இழந்தார், காமராஜர் திட்டத்தை எடுத்தார்.

கட்சி ஆட்சிக்கு வந்த இடத்திலும் இதே முரண். ஒரிசாவில் 1967இல் ஆர். என். சிங் தேவ் தலைமையில் சுதந்திரா-ஜன காங்கிரஸ் கூட்டணி ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆண்டது. அந்த ஆட்சி விட்டுச்சென்ற, இன்றும் பேசப்படும் சட்டம் மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் 1967ஆம் ஆண்டுச் சட்டம். தனிமனிதன் விஷயத்தில் அரசு தலையிடக் கூடாது என்ற கட்சியின் பெயரில் வந்தது அது!

அவையில் மிஞ்சியது

1967இல் மக்களவையில் 44 பேரோடு சுதந்திராதான் மிகப் பெரிய எதிர்க்கட்சி. ஆனாலும் அதிகாரபூர்வ எதிர்க்கட்சித் தலைவர் பதவி கிடைக்கவில்லை. அதற்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 520இல் 52 வேண்டும் என்பது மரபு. அந்தப் பதவி 1969இல் காங்கிரஸ் பிளந்த பிறகுதான், அதுவும் பிளவில் எதிர்வரிசைக்கு வந்த காங்கிரசுக்கே போனது.

கிடைத்தது வேறொன்று. மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர், அமைச்சர் எவரும் இல்லாத பொதுக் கணக்குக் குழு, தணிக்கை அதிகாரி அறிக்கையை வைத்துக்கொண்டு அதிகாரிகளைக் கூப்பிட்டுச் செலவுக்கு விளக்கம் கேட்கும். 1967 வரை அதன் தலைவர் ஆளுங்கட்சிக்காரர். தன் அரசின் கணக்கைத் தானே கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு மசானி தலைவராக வந்தார், எதிர்க்கட்சியிலிருந்து முதல் ஆள். ராஜாஜி 1972 டிசம்பர் 25 அன்று இறந்தார். 1974இல் கட்சி சரண் சிங்கின் பாரதிய லோக் தளத்தில் கலந்து நட்சத்திரச் சின்னமும் மறைந்தது. அந்தக் குழுத் தலைவர் நாற்காலி இன்றும் எதிர்க்கட்சிக்கே போகிறது.